எந்த மலை, எந்த ராத்திரி?

2024 மே 10 ராத்திரி உங்க போன்ல எத்தனை பேர் ஸ்டேட்டஸ் சிவப்பும் பச்சையுமா இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? இருபது வருஷத்தில் இல்லாத சூரியப் புயல். ஐரோப்பா முழுக்க வடதுருவ ஒளி. லடாக்கில் இருக்கும் ஹான்லே வானாய்வகத்தின் கேமராக்களில்கூட அடிவானத்தை ஒட்டி ஒரு சிவப்பு ஒளி பதிவானது. அதைப் பார்த்ததும் நம்மில் பாதிப் பேருக்கு ஒரே கேள்விதான்: எங்கே போய், எப்போ நின்னா இதை நேரில் பார்க்கலாம்?

நேரடி பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. நார்வேயின் ட்ரோம்ஸோ, ஸ்வீடனின் அபிஸ்கோ, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் எல்லாம் அந்த வளையத்துக்கு அடியில் இருக்கும் ஊர்கள். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, இரவு பத்து மணிக்கு மேல், மேகம் இல்லாத நாளாகப் பார்த்து நிற்க வேண்டும். அபிஸ்கோவுக்கு ஏன் தனி மவுசு தெரியுமா? மேற்கே இருக்கும் மலைகள் மழை மேகத்தைத் தடுத்துவிடுகின்றன. ஒளி எல்லா ஊருக்கும் வருகிறது. ஆனால் அபிஸ்கோவில் வானம் திறந்திருக்கிறது.

அதாவது, வானத்தில் நடப்பது பாதிதான். எந்த அட்சரேகை, எந்த மலையின் எந்தப் பக்கம், எந்த மாதம், எந்த மணி என்பதுதான் மீதிப் பாதி. இந்த மீதிப் பாதிக்காகவே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவழித்த ஒருத்தர் நம்ம பக்கத்து மலையில் நடந்திருக்கிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கரியாலூர் ஏறியிருப்பீங்க. அங்கிருந்து வடக்கே, தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜவ்வாது மலை. அதில் காவலூர் என்று ஒரு ஊர். நேர்கோட்டில் அளந்தால் நூறு கிலோமீட்டர்கூட வராது. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு.

பெயரைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீங்க. பிறந்தது 1927 ஆகஸ்ட் 10, சென்னையில். குடும்பத்துக்குப் பூர்வீகம் கேரளத்தின் தலச்சேரி. அப்பா ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். மற்ற பையன்கள் அப்பாவோடு சந்தைக்குப் போன வயதில் இவர் அப்பாவோடு தொலைநோக்கிக்குப் போனார் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் படிக்கும்போதே, பிரகாசம் கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரை எழுதினார். உங்க வயசுதான் அப்போ. இந்தியாவுக்கு வந்த ஹார்வர்டு வானியலாளர் ஹார்லோ ஷேப்லியைச் சந்தித்தது இவருக்குக் கதவைத் திறந்தது. ஹைதராபாத் அரசின் உதவித்தொகையுடன் 1949-ல் ஹார்வர்டு போய்ச் சேர்ந்தார்.

போன சில மாதங்களிலேயே, 1949 ஜூலையில், வானத்தைப் படமெடுத்த ஒரு தட்டில் இருக்கக்கூடாத ஒரு மங்கலான கோடு தெரிந்தது. வால்நட்சத்திரம். பேராசிரியர் பார்ட் பாக், உடன் படித்த கார்டன் நியூகர்க் ஆகியோர் பெயரோடு சேர்த்து அது இன்றும் பாப்பு-பாக்-நியூகர்க் என்றே அழைக்கப்படுகிறது. இதற்காகப் பசிபிக் வானியல் சங்கம் பதக்கம் கொடுத்தது. 1952-ல் டாக்டர் பட்டம். அடுத்து கலிபோர்னியாவின் பாலோமர். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி அங்கேதான், ஐந்து மீட்டர் விட்டம். அங்கே ஓலின் வில்சனோடு சேர்ந்து செய்த வேலைதான் 1957-ல் வெளிவந்த வில்சன்-பாப்பு விளைவு. சுருக்கமா சொன்னா இவ்வளவுதான்: ஒரு குளிர்ந்த நட்சத்திரத்தின் நிறமாலையில் கால்சியம் உமிழும் ஒரு கோடு எவ்வளவு அகலம் என்று அளந்தால், அந்த நட்சத்திரம் உண்மையில் எவ்வளவு பிரகாசமானது என்று தெரிந்துவிடும். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். எட்டவே முடியாத ஒன்றை அளக்க ஒரு ஸ்கேல் கிடைத்த மாதிரி.

இப்போ யோசிங்க. வயசு 26 கூட ஆகல. உலகத்தின் மிகச் சிறந்த தொலைநோக்கியில் வேலை. நம்ம சீனியர்களில் எத்தனை பேர் அந்த இடத்திலிருந்து திரும்பி வருவாங்க? பாப்பு 1953-ல் திரும்பிவிட்டார். இங்கே அவருக்காகக் காத்திருந்தது எதுவும் இல்லை. இரவு வானத்தை ஆராய நவீனமான பெரிய தொலைநோக்கி ஒன்றுகூட நாட்டில் இல்லாத காலம் அது. எனக்கு இந்த வாழ்க்கையில் பெரிய திருப்பமாகப் படுவது வால்நட்சத்திரம் இல்லை, இந்தத் திரும்பல்தான்.

முதல் வேலை உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகம். அது 1954-ல் வாரணாசியில் தொடங்கப்பட்டது. அந்த வருஷக் கடைசியில் பாப்பு பொறுப்பேற்றார். கங்கைச் சமவெளியின் தூசியும் மூட்டமும் நட்சத்திரம் பார்க்க உதவாது. 1955-ல் வானாய்வகம் நைனிதாலுக்கு மலையேறியது. இன்றைக்கு அது மனோரா சிகரத்தில் இயங்குகிறது. இடம் சரியில்லை என்றால் கருவியைத் திட்டிப் பயனில்லை, மூட்டையைக் கட்டு என்பதை அவர் வேலையின் ஆரம்பத்திலேயே செய்து பார்த்துவிட்டார்.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநர் ஆனார். 32 வயசு. கொடைக்கானல் சூரியனைப் பார்க்கவே கட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைத் தினமும் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். வடதுருவ ஒளியைக் கிளப்பிவிடுவது இதே சூரியப் புள்ளிகளைச் சுற்றி நடக்கும் வெடிப்புகள்தான் என்பதால், ட்ரோம்ஸோவில் நிற்பவர் பார்க்கும் கூத்துக்கு முதல் மணி அடிப்பதைக் கொடைக்கானலில் நின்று பார்க்கலாம் என்று சொல்லலாம். ஆனால் பாப்புவுக்கு இரவு வேண்டும். அங்கேதான் சிக்கல்.

கொடைக்கானல் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரம் அதிகம் என்றால் வானம் நல்லா தெரியும் என்றுதானே நாம நினைப்போம்? மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் இரண்டு பருவமழையும் வந்து மோதும். மாலையானால் மூடுபனி. சூரியனுக்குக் காலை நேரம் கிடைத்தால் போதும். நட்சத்திரத்துக்கு முழு இரவு வேண்டும். அதனால் 1960-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இரவு வானத்துக்கான இடத்தைத் தேட ஆரம்பித்தார்.

இடம் தேடுவது என்றால் பைக்கில் போய் ஒரு ராத்திரி தங்கி, சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டு வருவது இல்லை. ஒரே மலையில் மாதக்கணக்கில், பருவம் மாறி மாறிப் பார்க்க வேண்டும். எத்தனை இரவு மேகம், எத்தனை இரவு பாதி மேகம், ஈரப்பதம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கமிருந்து என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். அதோடு இன்னொன்று: நட்சத்திரம் எவ்வளவு நடுங்குகிறது. நட்சத்திரம் மின்னுவது கவிஞருக்கு அழகு, வானியலாளருக்குத் தொல்லை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும்போது வெளிச்சம் அங்கங்கே வளைகிறது. தார் ரோட்டில் மத்தியானம் தெரியும் கானல் மாதிரிதான், இரவில் மேலே நடக்கிறது. பகலில் சூடேறிய பாறை இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கக்கும். மரம் மூடிய சரிவு அவ்வளவு கக்காது. இப்படி எல்லாம் பார்த்துத்தான் ஒரு இடத்துக்கு மார்க் போட முடியும்.

கடைசியில் அவர் நின்ற இடம் ஜவ்வாது மலையின் காவலூர். சந்தன மரத்துக்குப் பேர்போன மலை. அன்றைய வட ஆற்காடு மாவட்டம், இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம். உயரம் வெறும் 725 மீட்டர். ஆமாம், கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மேலே ஏறுவதற்குப் பதிலாக மனுஷன் கீழே இறங்கிவிட்டார்.

ஏன் காவலூர்? நகர வெளிச்சத்திலிருந்தும் ஆலைப் புகையிலிருந்தும் விலகியிருந்தது முதல் காரணம். ஆனால் அந்த மாதிரி மலை அன்றைக்கு நாட்டில் எத்தனையோ இருந்திருக்கும். எனக்கு அசத்தலாகத் தோன்றுவது மற்ற இரண்டு காரணங்கள். இரண்டும் வரைபடத்தில் இருக்கின்றன.

ஒன்று, அட்சரேகை. காவலூர் வடக்கு 12½ டிகிரி. நீங்க நிற்கும் அட்சரேகை எவ்வளவோ, துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அவ்வளவு டிகிரி உயரத்தில் தெரியும். நைனிதாலில் அது 29 டிகிரி உயரத்தில், காவலூரில் 12½தான். வடக்கே தாழ்ந்த அளவுக்குத் தெற்கே வானம் திறக்கும். பால்வீதியின் மிகப் பணக்காரப் பகுதி தெற்கில்தான் இருக்கிறது. ஒமேகா சென்டாரி என்ற பிரம்மாண்டமான நட்சத்திரக் கொத்து நைனிதாலில் 13 டிகிரி உயரத்தைத் தாண்டாது. அடிவானப் புழுதியிலேயே பாதி வெளிச்சம் போய்விடும். காவலூரில் அது 30 டிகிரி ஏறும். பெரிய மெகல்லானிய மேகம், அதாவது நம்ம பால்வீதிக்குப் பக்கத்து வீட்டுக் குட்டி கேலக்ஸி, தெற்கு அடிவானத்துக்கு மேலே எட்டு டிகிரியில் எட்டிப் பார்க்கும். வட வானமும் தென் வானமும் ஒரே இடத்திலிருந்து.

இரண்டு, தீர்க்கரேகை. தென் வானத்தைப் பார்க்கும் பெரிய வானாய்வகங்கள் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தன. நடுவில் இந்தியப் பெருங்கடல், வேறொன்றும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதியிலிருந்து மட்டும் நன்றாகத் தெரியும்படி வானத்தில் ஏதாவது நடந்தால் யார் பார்ப்பது? காவலூர்தான். வானத்துக்கு வாட்ச்மேன் ஷிஃப்ட் போட்டால், காலியாக இருந்த ஷிஃப்டை இவர் எடுத்துக்கொண்டார்.

1968-ல் காவலூரில் வேலை தொடங்கியது. முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர் விட்டம். சொந்தப் பட்டறையில் செய்தது. 1971-ல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பானது, பாப்பு அதன் இயக்குநர். 1972-ல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கிய ஒரு மீட்டர் தொலைநோக்கி மலையேறியது.

அது வந்த சூட்டோடு, 1972 ஜூனில் வியாழனின் நிலவான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. ஜாவாவிலும் காவலூரிலும் அதைப் பார்த்தவர்கள் கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதாக அறிவித்தார்கள். இந்த முடிவு நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடணும். 1979-ல் வாயேஜர் 1 பக்கத்தில் போய் அளந்தபோது அந்த அளவுக்கு எதுவும் இல்லை.

அடுத்தது நிலைத்தது. 1977 மார்ச் 10 இரவு, நம்ம கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி, யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போக இருந்தது. இப்படிப்பட்ட மறைப்பு சில நிமிஷ விஷயம். பூமியின் எந்தப் பகுதியில் அப்போது இரவோ, எங்கே அந்தக் கிரகம் அடிவானத்துக்கு மேலே இருக்கிறதோ, அங்கே மட்டும்தான் தெரியும். அந்த இடம் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடல். அமெரிக்கர்கள் ஒரு விமானத்துக்குள் தொலைநோக்கியை வைத்துக் கடலுக்கு மேலே பறந்தார்கள். காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். கிரகம் மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே நட்சத்திரம் சில நொடிகள் மங்கித் திரும்பியது. விமானத்தில் இருந்தவர்களும் அப்படிப் பல மங்கல்களைப் பார்த்தார்கள். காவலூர் குழு முதலில் அதைப் புது நிலவு என்று நினைத்து எழுதியது. எல்லாரும் தரவை ஒப்பிட்டபோது விஷயம் தெளிந்தது: யுரேனஸுக்கு வளையங்கள் இருக்கின்றன. அதுவரை சனிக்கு மட்டும்தான் வளையம் என்று நினைத்திருந்த உலகம் அது.

பத்து வருஷம் முன்னாடி வரைபடத்தில் காலியாக இருந்த ஒரு ஷிஃப்டைப் பிடித்துவைத்ததற்கு, ஒரே ஒரு ராத்திரியில் கிடைத்த கூலி.

பாப்பு அதோடு நிற்கவில்லை. அடுத்த தொலைநோக்கி 2.34 மீட்டர். இதை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் இறக்காமல் இங்கேயே வடிவமைத்து, இங்கேயே ஆடியைத் தீட்டி, இங்கேயே கட்டணும் என்று முடிவெடுத்தார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து. இன்ஜினியரிங் படிக்கும் உங்களுக்கு இதன் ஆபத்து புரியும். இரண்டு மீட்டருக்கு மேல் அகலமான ஒரு பரப்பை ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பின்னத்துக்குள் சரியாகத் தீட்டணும். அவ்வளவு பெரிய ஆடியை அதுவரை நாட்டில் யாரும் தீட்டியதில்லை. சொதப்பினால் வருஷக்கணக்கான பணமும் உழைப்பும் காலி. வாங்குவது வேகம், ஆனால் வாங்கினால் அடுத்ததையும் வாங்கத்தான் வேண்டும். பெங்களூரில் ஜெயராஜன் தலைமையில் ஆடி தீட்டும் வேலை பொறுமையாக நடந்தது.

1979-ல் சர்வதேச வானியல் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். 1981-ல் பத்ம பூஷண். 1982 ஆகஸ்டில் கிரேக்கத்தின் பாட்ராஸில் சங்கத்தின் பொதுச்சபை. தலைமை தாங்க வேண்டியவர் மியூனிக்கில், இதய அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். சபை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 19 அன்று இறந்துபோனார். 55 வயது முடிந்து ஒன்பது நாள். பெரிய தொலைநோக்கி அப்போது முடியவில்லை. அதன் வழியாக ஒரு நட்சத்திரத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார்.

காவலூரைத் தேர்ந்தெடுத்தது சரிதானா என்று இன்றைக்கு யாராவது கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை பல மாதங்களைத் தின்றுவிடுகிறது. மலையடிவார ஊர்களின் வெளிச்சம் வருஷா வருஷம் கூடுகிறது. அதே நிறுவனம் பிறகு லடாக்கின் ஹான்லேக்குப் போய் 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர் தொலைநோக்கி வைத்தது. அங்கேதான் 2024-ன் அந்தச் சிவப்பு ஒளியும் பதிவானது. ஹான்லே வறண்ட குளிர்ப் பாலைவனம், மேகம் குறைவு, இருட்டைக் காக்க அறிவிக்கப்பட்ட பகுதி. எல்லாம் சரி. ஆனால் ஹான்லேயில் ஒமேகா சென்டாரி பத்து டிகிரிகூட ஏறாது. ஒவ்வொரு இடமும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கும். 1960-களின் இந்தியாவில், ரோடு போட்டு, கரண்ட் இழுத்து, ஆள் தங்க முடிகிற ஒரு மலையில், தென் வானத்தைப் பிடிக்க இதைவிட நல்ல பேரம் படிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். ட்ரோம்ஸோவுக்கு விமான டிக்கெட் போடுவது இந்த செமஸ்டரில் நடக்காது. கரியாலூருக்குப் பஸ் இருக்கு. அட்சரேகை கிட்டத்தட்ட 12 டிகிரி, காவலூருக்குச் சற்று தெற்கே. அதாவது பாப்புவின் கணக்கு இங்கேயும் பொருந்தும், ஒரு துளி கூடுதலாகவே. வடதுருவ ஒளி இங்கிருந்து தெரியாது. ஆனால் ட்ரோம்ஸோக்காரர் தன் ஊரில் ஆயுசு முழுக்க நின்றாலும் பார்க்க முடியாத வானம் இங்கே இருக்கிறது.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, அமாவாசையை ஒட்டிய மூன்று நான்கு நாட்களைப் பிடிங்க. தெற்கே மலை முகடு மறைக்காத, தெருவிளக்கு இல்லாத திறந்த இடம் வேணும்; காட்டுக்குள் போகாதீங்க, தங்கும் விடுதியின் வளாகமோ ஊருக்குள் இருக்கும் வெளியோ போதும். ராத்திரியில் வனத்துறை அனுமதி இல்லாமல் சுற்றுவது வேறு தலைவலி. போனைப் பையில் போட்டுவிட்டு அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்க. பிப்ரவரி நடுவில் ஒன்பது மணி வாக்கில் நேர் தெற்கே, 25 டிகிரி உயரத்தில் ஒற்றையாக வெள்ளையாக எரிவது அகத்திய நட்சத்திரம். தெற்கு முழுசா திறந்திருந்தால், அதற்கும் கீழே அடிவானத்தை ஒட்டி மெகல்லானிய மேகத்தைத் தேடலாம். வானம் ரொம்பத் தெளிவாக இருந்தால் மட்டும் சிக்கும். ஏப்ரல் நடுவில் பதினோரு மணிக்கு தென் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடது பக்கம், இன்னும் கொஞ்சம் மேலே, மங்கிய பஞ்சுத் துண்டு மாதிரி ஒமேகா சென்டாரி. பைனாகுலர் இருந்தால் எடுத்துட்டுப் போங்க.

காவலூருக்கே போகணும்னா, சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது அங்கே வழக்கம். மழைக்காலத்தில் போய் மேகத்தைப் பார்த்துட்டு வராதீங்க. கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கோங்க.